மிச்சம் வைக்கும் அக்கா

அந்த யோசனை எனக்கு வந்தது மழைக்கு ஒதுங்கிய இடத்தில். பதுளை பஸ் நிலையத்திலிருந்து மேலே ஏறும் தெருவில் ஒரு பழைய மாடிக் கட்டடம் இருந்தது. கீழே ஃபைல்கள் அடுக்கிய அரசாங்கக் கந்தோர், மேலே சித்திரக்கூடம். நாட்டை விட்டுப் போன வெள்ளைக்காரத் துரைமார் விட்டுச்சென்ற படங்களும், கொழும்பிலிருந்து அனுப்பிவைத்த படங்களும் அங்கே தொங்கின. அந்தப் படிகளில் யாரும் ஏறி நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பசறை பஸ்ஸைத் தவறவிட்டிருந்தேன், கையில் குடையும் இல்லை. ஏறினேன்.

உள்ளே ஒரு கதவின் உயரத்துக்குப் படம் ஒன்று. தேயிலை மலையில் ஐந்து பெண்கள் கொழுந்து எடுக்கிறார்கள். ஐந்து பேரும் கூடைக் கயிற்றைத் தலையில் போடாமல் தோளில் மாட்டியிருந்தார்கள். அப்படி மாட்டிக்கொண்டு எந்தத் தோட்டத்திலும் எந்தப் பெண்ணும் அரைக்கூடை கூட எடுத்ததில்லை. தனியாக நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரிப்பு அடங்குவதற்குள் யோசனை வந்துவிட்டது. எங்கள் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இருக்கிற சனம் இதைப் பார்த்தால் என்ன சொல்லும்? பிள்ளைகளோடு தாய் தகப்பனையும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே கூட்டி வந்தால் என்ன?

மழை விடுவதற்குள் எங்கள் தோட்டப் பாடசாலையை மட்டுமல்ல, ஊவாவில் இருக்கிற அத்தனை தோட்டப் பாடசாலைகளையும் மனதுக்குள் அந்தப் படிகளில் ஏற்றி முடித்துவிட்டேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பாடசாலையில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்து எட்டு மாதம். எதையாவது ஆரம்பித்து, நானே முடித்து, கீழே கோடு போட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

யோசனை என்னுடையது. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். ஏனென்றால் இப்போதும் எங்கள் தோட்டத்தில் யாரையாவது கேட்டுப் பாருங்கள், "அது புள்ளக்காம்பரா அக்கா செஞ்ச வேலைதானே" என்பார்கள்.

பிள்ளைக் காம்பரா என்பது, தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற அறை. அக்கா அங்கே தொட்டிலாட்டுகிறவள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அவளுக்குப் பெயர் உண்டு, எனக்கும் தெரியும். அதை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டிய இடம் வேறு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அவளை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அரைக் கோப்பைத் தேத்தண்ணீர். அவள் எதையும் முடித்து நான் பார்த்ததில்லை. பாதி குடித்துவிட்டு ஜன்னல் கட்டையில் வைப்பாள்; அவ்வழியே போகிற யாராவது மீதியைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பார்கள். ஒரு சிறுமிக்கு ஒற்றைப் பின்னலைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். அடுத்த பின்னலை இன்னொரு சிறுமி போடுவாள். தாலாட்டு கூட அப்படித்தான். நாலு வரி பாடி நிறுத்துவாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கும் மூன்று வயதுப் பிள்ளை ஐந்தாவது வரியைத் தொடங்கும்.

பேச்சும் அந்த ரகம். "நேத்து கங்காணி வீட்டுப் பக்கம் ஒரு மாடு வந்துச்சு பாருங்க, அது..." என்று இழுத்துவிட்டுப் பால் டின் கழுவப் போய்விடுவாள். பத்து மணிக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து ஓடிவரும் பெண்கள், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அந்த மாட்டைப் பற்றி ஆளுக்கொரு முடிவு சொல்வார்கள். சிரித்துக் கிடப்பார்கள். திரும்பிப் போகும்போது யாரும் அவளிடம் உண்மையில் மாடு என்ன செய்தது என்று கேட்டதில்லை.

நான் கேட்டேன்.

"அது போயிருச்சுங்க டீச்சர்" என்றாள்.

"எங்க போச்சு?"

"அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வகுப்பில் ஒரு கதை சொன்னால் ஆரம்பம், நடு, முடிவு, நீதி எல்லாம் இருக்கும். பிள்ளைகள் கை கட்டிக் கேட்பார்கள். மணி அடித்ததும் அதே பிள்ளைகள் அவளிடம்தான் ஓடுவார்கள். சுண்ணாம்பு அடித்த காம்பராச் சுவரில் அவள் கரித்துண்டால் தும்பிக்கை இல்லாத யானை ஒன்றை வரைந்துவிட்டுப் போயிருப்பாள். எட்டின உயரத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு தும்பிக்கை போட்டு, ஒரு யானைக்குப் பதினோரு தும்பிக்கை. என்ன அசிங்கம் என்று நினைத்தேன். என் வகுப்புச் சுவரில் நான் ஒட்டிய யானை முழு யானை. அதை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சித்திரக்கூடத்துப் பொறுப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு என் திட்டம் முழுவதையும் கேட்டார்.

"யோசினை நல்லதுதான் பிள்ளை. ஆனா சனம் வருமோ?" என்றார். "இந்தக் கூடத்தை மூடிப்போட்டுப் பழைய ஃபைலுகளை அடுக்கச் சொல்லி மேலிடத்துக் கடிதம் வந்து கிடக்கு. உமக்கு மூண்டு ஞாயிறு தாறன். மூண்டாம் ஞாயிறு முடிய, சனம் வருகுதெண்டு நான் எழுதலாமெண்டால் எழுதுவன். இல்லாட்டி மூட வேண்டியதுதான்."

மூன்று ஞாயிறு. நான் லயம் லயமாக நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, சித்திரம் என்றால் என்ன, அது குடும்பங்களுக்கு ஏன் தேவை, பிள்ளைகளின் படிப்புக்கு அது எப்படி உதவும் என்று விளக்கினேன். "சரிங்க டீச்சரம்மா" என்றார்கள். கோடு போட்ட நோட்டில் பெயர் எழுதினேன். குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், வருகை. நாலு பத்தி. பிள்ளைக் காம்பராப் பக்கமும் போனேன். அக்கா அப்போது யாரோ ஒரு பிள்ளைக்கு ஒரு கால் சப்பாத்தை மாட்டிவிட்டு, மறு சப்பாத்தைத் தேடுவதாகச் சொல்லி எங்கோ போயிருந்தாள். அவள் பெயரை எழுதவில்லை. காத்திருந்து எழுதியிருக்கலாம். காத்திருக்கவில்லை.

முதல் ஞாயிறு வெயில். நான் நினைத்ததைவிடக் கூட்டம். தலைக்கு எண்ணெய் வைத்து, கோயிலுக்கு உடுத்துவதை உடுத்தி, மாடிப்படிக்குக் கீழே நின்றார்கள். நான் மூன்றாவது படியில் ஏறி நின்று நோட்டைத் திறந்தேன். என் குரல் கணீரென்று இருக்கும். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். கூப்பிடக் கூப்பிட "ஆமாங்க" என்று குரல் கொடுத்துவிட்டு மேலே ஏறினார்கள். மேலே போய் வரிசையாக நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம், அடுத்த படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் என்று நகர்ந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தோளில் மாட்டிய கூடையைப் பார்த்தும் ஒருவரும் சிரிக்கவில்லை. நான்தான் ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு முன்னால் போனேன்.

"கோயில்லை கூட இவ்வளவு அமைதி இல்லை" என்றார் பொறுப்பாளர். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கீழே பத்துப் பதினைந்து பேர் மேலே வராமல் நின்றதை நான் பார்த்தேன். என் நோட்டில் பெயர் இல்லாதவர்கள்; கேள்விப்பட்டுத் தாமாக வந்தவர்கள். நான் அவர்களைப் போகச் சொல்லவில்லை. நோட்டை மூடினேன், அவ்வளவுதான். மூடியதும் அவர்கள் தாமாகக் கலைந்து பஜார் பக்கம் நடந்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி, இடுப்பில் ஒரு பிள்ளையோடு கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்த அக்கா.

மறுநாள் அவள் என்னைப் பாதையில் மடக்கினாள்.

"டீச்சர், நேத்து நீங்க பேர் கூப்பிட்டீங்கள்ல. நான் கண்ண மூடிக்கிட்டுக் கேட்டேன். அப்படியே ஒங்க அப்பா..."

வழக்கம் போல அத்தோடு போய்விட்டாள். என் அப்பா தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. விடிகாலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி வேலைக்குப் பெயர் கூப்பிடுகிறவர். அவர் குரல் அடுத்த மலைக்குக் கேட்கும் என்பார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. முதன்முறையாக அவளை நல்லவள் என்று நினைத்தேன்.

இரண்டாம் ஞாயிறு எட்டே பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் என் வகுப்புப் பிள்ளைகள், பயத்தில் வந்தவர்கள்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் தூக்கி மேசையில் எறிந்தேன். என்ன குறை, எங்கே குறை என்று அப்பாவிடம் புலம்பினேன். அவர் முழுக் கதையையும் கேட்டார். படியில் நின்று பெயர் கூப்பிட்டதைச் சொன்னபோது மட்டும் காதைத் தடவினார்.

"பேர் கூப்பிடாத ஆளு பெரட்டுக் களத்துல என்ன செய்யும் தெரியுமா?" என்றார்.

"என்ன செய்யும்?"

"வீட்டுக்குப் போகும். இன்னைக்கு ஒனக்கு வேலை இல்லன்னு அர்த்தம். கூப்பிட்ட ஆளு? வாயப் பொத்திக்கிட்டு தேயிலை நெறைக்குப் போகும். வாரம் பூரா அதத்தான் செய்யிறாங்க. லீவு நாள்லயும் ஒருத்தி டவுன் மாடிப்படியில நின்னுக்கிட்டுப் பேர் கூப்பிட்டா, யாருடி வருவா?"

அக்கா சொல்லாமல் விட்ட மீதி எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் என்னைப் பாராட்டவில்லை. அதைவிட வலித்தது, அவள் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள் என்பது. நான் திட்டம் போட்டு, பெயர் எழுதி, லயம் லயமாக நடந்து கண்டுபிடிக்காததை அவள் கச்சான் தின்றுகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்தாள்.

அந்த வாரம் அவள் காய்ச்சல் பிள்ளை ஒன்றைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாள். திரும்பும் வழியில் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததாம். மாடியேறிப் பார்த்திருக்கிறாள். இது எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை பத்து மணிக்கு நான் பிள்ளைக் காம்பராவுக்குப் போனபோது தாய்மார் எல்லாரும் ஒரே இரைச்சலாக இருந்தார்கள். சுவரில் கரிக்கோடு. நான்கு பெண்கள், தலையில் கூடைக் கயிறு. நாலாவது பெண்ணுக்குப் பக்கத்தில் வெறும் சுண்ணாம்பு.

"மாடிக் கூடத்துல பெரிசா ஒரு படங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் அக்கா. "அஞ்சு பேரு கொழுந்து எடுக்குறாங்க. நாலு பேரு சரி. அந்த அஞ்சாவது பொம்பள இருக்கா பாருங்க, அவ..."

பால் டின்களை எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பீலிப் பக்கம் நடந்துவிட்டாள்.

"ஏய், அவளுக்கு என்னாச்சுடி?"

"செத்துட்டாளா?"

"படத்துல எப்படிடி சாவா?"

"அக்கா, சொல்லிட்டுப் போங்கக்கா."

பீலித் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலால் அக்காவின் குரல் வந்தது: "போயிப் பாத்துக்கங்க. எனக்கு அதுக்கு மேல தெரியாது."

நான் அந்தப் படத்தை அதுவரை பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். ஐந்தாவது பெண்ணுக்கு என்ன? எனக்கு ஞாபகமே வரவில்லை. கூடையைப் பார்த்துச் சிரித்ததோடு என் பார்வை முடிந்திருந்தது. அவளைக் கேட்க என் வாய் வரவில்லை.

மூன்றாம் ஞாயிறு நான் நோட்டைக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோயிருந்தாலும் திறக்க இடம் இருந்திருக்காது. எங்கள் தோட்டத்து டிவிஷனே இறங்கி வந்தது. கூப்பிடாமலே ஏறினார்கள். படிக்கட்டு முனகியது. மற்றப் படங்களை ஒருவரும் பார்க்கவில்லை; நேரே அந்த ஒன்றின் முன்னால் போய் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

"கயித்தத் தோள்ல மாட்டியிருக்கான் பாரு. ரெண்டு மலை ஏறுறதுக்குள்ள தோளு கழண்டு விழும்."

"வரைஞ்ச ஆளு கூடையே தூக்கினதில்ல போல."

"அத விடுங்க. அஞ்சாவது ஆளப் பாருங்க."

ஐந்தாவது பெண் கொழுந்தைப் பார்க்கவில்லை. கை செடியில் இருக்கிறது, முகம் பின்னால் திரும்பியிருக்கிறது. யாரைப் பார்க்கிறாள் என்பதில் சண்டை வந்தது. கங்காணி வருகிறானா என்று பார்க்கிறாள் என்றது ஒரு கட்சி. அட்டை கடித்திருக்கும் என்றார் ஒருவர். "புருசன் எந்த நெறையில நிக்கிறான்னு பாக்குறா" என்றாள் புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி. அதற்கு ஒரு சிரிப்பு எழுந்தது. எங்கள் வகுப்புப் பிள்ளைகள் என் பாடங்களில் ஒருநாளும் கேட்காத கேள்விகளை எல்லாம் கேட்டார்கள்.

அப்போது கூட்டத்தின் நடுவில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்.

"அவ புள்ளக்காம்பராவப் பாக்குறா. மணி பத்தாச்சு. கங்காணி இன்னும் விடல. அவளுக்குப் பால் கட்டிக்கிச்சு. நெஞ்சப் பாருங்க, சேலை நனைஞ்சிருக்கு."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நீலச் சேலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கருநீலத் திட்டு. வரைந்தவர் அதைத்தான் நினைத்தாரா, நிழலைத்தான் போட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதன் பிறகு அந்தப் படத்தை வேறு மாதிரி பார்க்க யாராலும் முடியவில்லை. ஆண்கள் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். பொறுப்பாளர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, படத்துக்குக் கிட்டப் போய், நெடுநேரம் நின்றார். பிறகு ஒரு துண்டுத்தாளில் அந்தப் பெண் சொன்னதை அப்படியே எழுதிப் படத்துக்குக் கீழே ஊசியால் குத்தினார்.

அக்கா வந்திருந்தாள். வாசலோரமாக நின்று, யாரோ ஒருவரின் பிள்ளைக்குப் பாதிப் பாண் ரொட்டியைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் தெரிந்தும் ஒன்றும் சொல்லாத அந்த முகத்தை அன்று என்னால் சகிக்க முடியவில்லை.

கூடம் மூடப்படவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு தோட்டக் குடும்பங்களுக்கும் டவுன் பாடசாலைகளுக்கும் என்று ஒதுக்கினார்கள். பக்கத்துத் தோட்டங்கள் இரண்டு சேர்ந்தன. நான் விரும்பியது அத்தனையும் நடந்தது. பொறுப்பாளர் என்னை மேலிடத்துக்கு அறிக்கை எழுதச் சொன்னார்.

"அந்தப் பிள்ளைக் காம்பரா அக்கா எண்டு சனம் சொல்லுது. ஆர் அது? அவவையும் பற்றி எழுதும்" என்றார்.

"தோட்டத்துல வேலை பார்க்கிறவங்க" என்றேன். அறிக்கை ஆறு பக்கம் வந்தது. யோசனை, திட்டம், நோக்கம், பயன் எல்லாம் அதில் இருந்தன. அவள் இல்லை. முதல் ஞாயிறு என் நோட்டில் இல்லாதது போலவே.

ஒரு நீளச் சுவரைப் பொறுப்பாளர் எங்களுக்குக் கொடுத்தார். அதில் கனத்த தாள் ஒட்டினோம். குடும்பங்கள் வரையட்டும் என்று ஏற்பாடு. யார் ஆரம்பிப்பது என்றதும் எல்லாரும் அக்காவைப் பிடித்துத் தள்ளினார்கள். அவள் கரித்துண்டால் இடது ஓரத்தில் ஒரு மலைச்சரிவைத் தொடங்கி, நடுவில் விட்டாள். சரிவில் ஓடும் இரண்டு பெண்கள். ஒருத்திக்கு முகம் இல்லை, ஒருத்திக்குக் கால் இல்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"மிச்சத்த நீங்க பாருங்க."

பார்த்தார்கள். மாதாமாதம் பார்த்தார்கள். வீட்டிலிருந்து துணிக்குப் போடும் நீலம், மஞ்சள் தூள், செங்கல் பொடி, அடுப்புக்கரி எல்லாம் முடிச்சு முடிச்சாக வந்தன. மலைக்கு ஒரு கோயில் முளைத்தது. லயத்துக் கூரைகள் முளைத்தன. பஜாரில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம் ஒன்று பிள்ளைகளின் பாடசாலையோடு வந்தது. "எங்கட கடை இல்லாம இது என்ன பதுளை?" என்று தகப்பனே மலையடியில் கடையைப் போட்டார், பெயர்ப்பலகை சகிதம். ஆனால் ஓடும் பெண்ணுக்கு முகத்தை ஒருவரும் போடவில்லை. "அது யாருன்னு இன்னும் தெரியலயே" என்று ஒவ்வொரு மாதமும் விட்டுவிட்டார்கள். அதைப் பற்றிப் பேசவே பாதிப் பேர் வந்தார்கள்.

எனக்கு அந்த வெற்று முகம் கண்ணில் விழுந்த தூசி மாதிரி இருந்தது.

கொழும்பிலிருந்து பெரியவர்கள் கூடத்தைப் பார்க்க ஒரு வெள்ளிக்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. அதுதான் சாக்கு. புதன்கிழமை பாடசாலை விட்டதும் வர்ணப் பெட்டியோடு போனேன். தனியாகத்தான் போனேன். முகம் போட்டேன். கால் போட்டேன். மலையை வலது ஓரம்வரை இழுத்துச் சேர்த்தேன். வானத்தை அடைத்தேன். பிள்ளைகள் போட்ட கோணல் கூரைகளை நிமிர்த்தினேன். சுற்றிலும் பட்டை அடித்தேன். மூலையில் பாடசாலையின் பெயர், அதன் கீழே என் பெயர். இறங்கும்போது கால் தரையில் படவில்லை.

வந்தவர்கள் மிக நேர்த்தி என்று சொல்லி என் கையைக் குலுக்கினார்கள்.

அடுத்த ஞாயிறு சனம் வந்தது. படத்தின் முன்னால் நின்றது. கைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின, முதல் ஞாயிறு போனது போல. நீலத்தைத் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்த ஒரு சிறுமி என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், எங்க போடுறது?"

நான் தாளைப் பார்த்தேன். ஒரு விரல் அகலம் கூட இல்லை.

அக்கா கடைசியாக வந்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துக்கொண்டே நடந்தாள். மூலையில் என் பெயருக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"நல்லாருக்கு டீச்சர். முடிஞ்சிருச்சு."

அத்தனை காலத்தில் அவள் என்னிடம் முழுசாகச் சொன்ன பேச்சு அது ஒன்றுதான்.

அடுத்த சில மாதத்தில் அவள் குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகும் காகிதம் வந்தது. அந்த வருஷங்களில் இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தத்தால் லயத்துக்கு லயம் அப்படிக் காலியாகிக்கொண்டிருந்தது. பதுளை ஸ்டேசனில் வழியனுப்ப வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் போயிருந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று இப்போது சொல்லலாம். அன்று அங்கே நின்றபோது, எனக்கென்று இத்தனை பேர் அழுவார்களா என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டாள்.

"டீச்சர், அந்தச் செவுத்துல ஓடுற பொம்பள, அவ..."

ரயில் புறப்பட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. சொல்லி முடிக்க வேண்டிய நேரம் தாராளமாக இருந்தது. அவள் எழுந்து மூட்டைகளை ஒழுங்குபண்ணப் போய்விட்டாள். நான் அரை மணி நேரமும் நின்றேன். அவள் அந்தப் பேச்சுக்குத் திரும்பவே இல்லை. பிள்ளைகளுக்குக் கை காட்டியபடி போய்விட்டாள்.

நாலு வருஷமாகிறது. அந்தப் பெண் யார் என்று நான் யோசிக்காத வாரம் இல்லை. சில நாள் அவள் அக்காவே என்று தோன்றும். சில நாள், எல்லாருக்கும் முன்னால் ஓடிப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்கிற நானோ என்று தோன்றும். யாரும் கேட்காமல் நான் போட்ட அந்த முகம் இருவரையும் போல இல்லை. காலண்டர் முகம்.

கூடத்துக்கு இப்போது மாதத்துக்கு மூன்று குடும்பம் வந்தால் அதிகம். பொறுப்பாளரின் மேசையில் மறுபடி ஒரு மேலிடத்துக் கடிதம் கிடக்கிறது. போன திங்கட்கிழமை அவரிடம் அனுமதி கேட்டு, என் நேர்த்தியான படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். கழற்றும்போது என் மலையின் வர்ணத்துக்கு அடியில், அவள் இழுத்து நிறுத்திய கரிக்கோடு தெரிந்தது.

வருகிற ஞாயிறு புதுத் தாள். அதன் மேல் ஓரத்தில் முதலில் அவள் பெயரை எழுதப் போகிறேன், முழுப் பெயர், தகப்பன் பெயரோடு. அது முதலில் இருக்க வேண்டிய இடம் அந்தச் சுவர்தான். அதனால்தான் இங்கே எழுதவில்லை. பக்கத்து டிவிஷன்களின் பிள்ளைக் காம்பராக்களுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன். பெயர் எதுவும் கேட்கவில்லை. சனம் வந்ததும் நான் ஒரு மலைச்சரிவைத் தொடங்கி, ஓடும் ஒரு பெண்ணை வரைந்து, பாதியில் கரித்துண்டைக் கீழே வைக்க வேண்டும்.

நேற்று வீட்டில் மூன்று தாளில் பழகிப் பார்த்தேன். மூன்றையும் முடித்துவிட்டேன். ஞாயிறுக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது.